வெள்ளைக்கரு அவருக்கு

என் வீட்டுக்காரர் செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் ஓடுகிற தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டராக இருந்தார். எங்கள் வீடு செஞ்சியில் கிருஷ்ணகிரி மலைக்குக் கீழே, மெயின் ரோட்டில் ஹாரன் அடித்தால் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. ஒருமுறை அனந்தபுரம் சந்தைக்குப் போனவர் ஆசைப்பட்டு வான்கோழிக் குஞ்சுகள் வாங்கி வந்தார். பாதி செத்துப்போனது போக ஒரு சேவலும் மூன்று பெட்டைகளும் நின்றன. ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டால் போதும், சேவல் கழுத்தை நீட்டி களகளவென்று கத்தும். "உள்ள போ, உள்ள போ, வழியில நிக்காத" என்று பஸ்ஸில் ஆட்களை விரட்டுகிற மாதிரியே அவற்றைக் கூண்டுக்குள் விரட்டுவார். நானும் மகளும் வாசற்படியில் உட்கார்ந்து சிரிப்போம்.

அந்த நாட்களில் வான்கோழி முட்டையை நாங்கள் சாப்பிட்டதில்லை. எல்லாம் அடைவைக்கத்தான். குஞ்சு பொரித்தால் கேட்டு வாங்கிப் போக ஆள் இருந்தார்கள்.

அப்புறம் அவருக்குக் கால் வீங்கியது. முகம் ஊதியது. சர்க்கரையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் விழுப்புரத்தில் டாக்டர் இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை, டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னார். வேலை போயிற்று. டயாலிசிஸுக்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் கையால் இனி பாரம் எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். நாள் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்றே பிழைத்த மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாட்டில் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் பதில் வந்தது. இளநீர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம், தண்ணீர்கூட அளவாகத்தான். கொடுக்கலாம் என்று டாக்டர் வாய்விட்டுச் சொன்ன ஒரே பொருள் முட்டையின் வெள்ளைக்கரு. "மஞ்சக்கரு மட்டும் குடுத்துடாதீங்கம்மா" என்றார். வீடு வந்து சேர்ந்ததும் இவர் கூண்டைப் பார்த்தார்.

"நம்ம கிட்டயே இருக்குது. கடையில இன்னாத்துக்கு வாங்கணும்?"

அப்படித்தான் வான்கோழி முட்டை எங்கள் அடுப்புக்கு வந்தது. கோழி முட்டையைவிடப் பெரியது. வெளிர் மஞ்சளில் பழுப்புப் புள்ளிகள் தெளித்த மாதிரி இருக்கும். பச்சைத் தண்ணீரில் போட்டு, உப்பைத் தூவி, கோழி முட்டைக்கு விடுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொதிக்க விட வேண்டும். வேகவைப்பதில் கஷ்டம் இல்லை. உரிப்பதுதான் கஷ்டம். ஓடு கெட்டி. ஓட்டுக்கு உள்ளே இருக்கிற தோல் அதைவிடக் கெட்டி. முதல் நாள் நான் உரித்தபோது வெள்ளைக்கரு பிய்ந்து பிய்ந்து ஓட்டோடு போயிற்று. அவர் சாப்பிடக்கூடியதே அதுதான். அதுவும் குப்பைக்குப் போகிறதே என்று எனக்கு அழுகை முட்டியது.

"இங்க குடு" என்று தட்டை வாங்கிக்கொண்டார். "டிக்கெட்டு கிழிச்ச கை. ஒரு முட்டைய உரிக்கத் தெரியாதா எனக்கு?"

அவருக்கும் வரவில்லை. ஆனால் விடவில்லை. முட்டையின் அகலமான பக்கத்தைக் கரண்டியால் தட்டி, உள்ளே காற்று நிற்கிற இடத்தில் நகத்தை விட்டு, தோலோடு சேர்த்துத் தூக்கினார். தண்ணீருக்குள் வைத்து உரித்துப் பார்த்தார். சூடாக ஒரு தரம், ஆறவைத்து ஒரு தரம். கொஞ்ச நாளில் காரணம் பிடிபட்டது. அன்றைக்குப் போட்ட முட்டைதான் ஒட்டிக்கொள்கிறது. ஒரு வாரம் வைத்திருந்து வேகவைத்தால் ஓடு தானாகக் கழன்று வருகிறது. அதிலிருந்து தினமும் கூண்டில் முட்டை பொறுக்கி, உமி போட்ட மண்பானையில் அடுக்குவது அவர் வேலை ஆனது. வலது கையால் மட்டும் எடுப்பார். அந்த வேலையை என்னையும் தொடவிடமாட்டார்.

உரித்த முட்டையை நூலால் இரண்டாக அறுப்பேன். வெள்ளை அவருக்கு, மஞ்சள் எனக்கு. வான்கோழி முட்டையில் மஞ்சள் பெரியது. அவருக்கு அதுதான் பிடிக்கும். கல்யாணமான புதிதில் என் தட்டில் இருக்கிற மஞ்சக்கருவையும் கேட்காமல் எடுத்துத் தின்பவர். அதனால் நான் அடுப்படிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவேன். ஒருநாள் கூப்பிட்டார்.

"எங்க போற? இங்கயே உக்காந்து துன்னு."

"நீங்க பாத்துக்கினு இருப்பீங்க. எனக்கு எறங்காது."

"பாத்துக்கினுதான் இருப்பேன். பாத்தா ஒடம்புல ஏறிடுமா இன்னா? மெதுவா துன்னு. மிளகு போட்டுக்க."

எதிரில் உட்கார்ந்து தின்றேன். ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லா இருக்குதா?" என்று கேட்டார். நல்லா இருக்குது என்றேன். அடுத்த வாய்க்கு மிளகைத் தூவிக்கொண்டேன்.

கோடை பிறந்தது. செஞ்சியில் வெயில் இறங்கின பிறகும் மலைப்பாறைகள் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அவருக்குத் தாகம். ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு கூண்டுப் பக்கம் உட்கார்ந்திருப்பார். அப்படி ஒருநாள் டயாலிசிஸ் முறை. கிளம்புவதற்கு முன்பு முட்டைகளைப் பொறுக்கிப் பானையில் வைத்தார். மெஷினிலிருந்து எழுந்து வந்தால் கடுமையாகப் பசிக்கும் என்பதால் வெள்ளைக்கருவைத் துண்டு போட்டு டப்பாவில் எடுத்துக்கொண்டேன். உள்ளே போகும்போது, "மிளகு போட்டியா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன்.

நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். நர்ஸ்கள் ஓடினார்கள். யாரோ என்னை நகரச் சொன்னார்கள். பிரஷர் இறங்கிவிட்டது என்றார்கள். அப்புறம் டாக்டர் வெளியே வந்து, என் பெயரைச் சொல்லாமல், "அம்மா" என்று மட்டும் கூப்பிட்டார்.

ஆம்புலன்ஸில் அவர் பக்கத்தில் வரும்போது அந்த டப்பா என் மடியிலேயே இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு யாரோ என் விரல்களைப் பிரித்து அதை வாங்கினார்கள்.

காரியம் முடியும் வரை வீட்டில் முட்டை, கறி எதுவும் ஆக்கவில்லை. முடிந்த மறுநாள் செத்தவருக்குப் பிடித்ததை ஆக்கிப் படைப்பது எங்கள் வழக்கம். சென்னையில் வேலை பார்க்கிற மகள் லீவு போட்டு என்னோடு இருந்தாள். அவள்தான் பானையைத் திறந்தாள். அவர் கடைசியாக அடுக்கி வைத்த முட்டைகள் உமிக்குள் அப்படியே இருந்தன.

"இது நைனா வச்சதாம்மா?"

ஆமாம் என்றேன். அண்டாவில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொன்றாக விட்டேன். அந்த வெயிலுக்கு நிற்குமா? ஒவ்வொன்றும் மிதந்தது. கெட்டுவிட்டது என்று தெரிந்தும் கையால் அமுக்கி அமுக்கி விட்டேன். மறுபடி மறுபடி மேலே வந்தது. மகள் என் கையைப் பிடித்து, "வுடும்மா" என்றாள். கடைசியில் ஒன்று மட்டும் கூர்ப்பக்கம் அடியில் பட நட்டமாக நின்றது. மேலே வரவில்லை.

அதை வேகவைத்தேன். ஆறவிட்டுத் தட்டியதும் ஓடும் தோலும் சட்டை கழற்றுகிற மாதிரி ஒரே உரியாக வந்துவிட்டது. ஒரு கீறல் இல்லை. இவ்வளவு சுத்தமாக ஒரு முட்டையை நாங்கள் இரண்டு பேரும் உரித்ததே இல்லை. கூப்பிட்டுக் காட்ட வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாயோடு தரையில் உட்கார்ந்தேன். என் சத்தம் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

இலையில் சோறு, குழம்பு எல்லாம் வைத்தாயிற்று. நான் பழக்கத்தில் நூலை எடுத்து அறுத்து, வெள்ளையை இலைக்குக் கொண்டுபோனேன். மகள் மறித்தாள்.

"மஞ்சள வைம்மா. இனிமே அவருக்கு இன்னா பத்தியம்?"

முழு மஞ்சக்கருவையும் இலையில் வைத்தேன். மேலே மிளகைத் தூவினேன்.

மகள் ஊருக்குப் போன பிறகு என்னால் கூண்டுப் பக்கம் போக முடியவில்லை. அவரோடு வேலை பார்த்த டிரைவர், பனமலைப் பக்கத்துக்காரர், ஒருநாள் பார்க்க வந்தார். "அண்ணி, இதுங்கள நான் ஓட்டிக்கினு போயி வளக்கறேன்" என்றார். சரி என்றேன். சேவலை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வண்டி வரைக்கும் போனவர், பெட்டைகளைப் பிடிக்கத் திரும்பி வந்தபோது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

போன வாரம் போன் செய்தார்.

"பெட்டைங்க முட்டை வைக்குது அண்ணி. குடுத்தனுப்பவா?"

"வேணாம் தம்பி. நீங்களே ஆக்கிச் சாப்டுங்க."

அவர் கேட்கவில்லை. பஸ்ஸில் ஒரு கண்டக்டர் பையனிடம் கொடுத்தனுப்பிவிட்டார். செய்தித்தாளில் சுற்றிய முட்டைகள் அடுப்படி மேடையில் இருக்கின்றன. இன்று காலையும் அந்தப் பொட்டலத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத்தான் காபி போட்டேன்.