காலைச் சோதனையில் சிக்கிய கடைசிப் பக்கங்கள்

2006-ம் வருடம். வேதியியல் படித்துவிட்டு ஏழாயிரம்பண்ணை பக்கம் ஒரு பட்டாசு ஆலையின் சோதனை அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெடிமருந்தின் ஈரம், கலவையின் அளவு எல்லாம் பார்த்து நான் கையெழுத்துப் போட்டால்தான் அன்றைய மருந்து, அதைக் குழாய்களில் செலுத்தும் அறைக்குப் போகும். தங்கியிருந்தது விருதுநகரில் ஒரு பெண்கள் விடுதி. பக்கத்தில் மிளகாய் வத்தல் கிட்டங்கி. மூட்டை இறக்கும் நாட்களில் ஜன்னலைத் திறந்தால் தும்மல்தான். ஊருக்குப் புதியவள், கூச்சமும் அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை முதல் மாலை வரை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்திருக்கிறேன்.

அந்த வருடம் ஜனவரி முதல் தேதி எனக்கு நானே ஒரு போட்டி வைத்துக்கொண்டேன். டிசம்பருக்குள் ஐம்பது துப்பறியும் நாவல்கள். அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டு, வரிசை எண், கதையின் பெயர், யார் மேல் சந்தேகம், எத்தனையாவது பக்கத்தில் வந்தது, சரியா தப்பா என்று ஐந்து கட்டம் கிழித்தேன். படித்ததைப் பேச ஆள் இல்லை. நோட்டிடம்தான் சொல்வேன்.

புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. வெடிக்கான காகிதக் குழாய்களைப் பழைய பேப்பரில்தான் பசை தடவிச் சுற்றுவார்கள். லோடு லோடாக வரும் பழைய பேப்பர்க் கட்டுகளில் மாத நாவல்களும் கிடக்கும். மேனேஜரிடம் அனுமதி வாங்கி, அவற்றைப் பொறுக்கி பேப்பர் ஷெட்டின் மூலையில் ஒரு பலகையில் அடுக்கி வைப்பேன். கையிலிருப்பதைப் படித்து முடித்ததும் அடுத்ததை எடுத்துப் போவேன். நான் கட்டுகளைக் கிளறும்போது குழாய் சுற்றும் பெண்களில் ஒருத்தி, "ஏடி, மேடம் பேப்பருக்குப் பேன் பாக்க வந்துட்டாக" என்பாள். ஷெட்டே சிரிக்கும். கேலி செய்கிறார்கள் என்று முகத்தை இறுக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாவலின் கடைசி எட்டுப் பக்கங்கள் இல்லை. குற்றவாளி யார் என்று தெரியாமல் 'சரியா தப்பா' கட்டத்தைக் காலியாக விட்டேன். அடுத்த பத்து நாளில் இன்னும் இரண்டு புத்தகங்கள் அப்படியே. எனக்குள் இருந்த துப்பறிவாளர் விழித்துக்கொண்டார்.

நோட்டின் பின்பக்கத்தில் தடயங்களை எழுதினேன். எலி கடித்ததல்ல, மரச்சட்டம் வைத்து நேராகக் கிழித்திருக்கிறார்கள். கிழிந்த இடத்துக்கு முந்தைய பக்கத்தில் பசைக் கைரேகை. எனவே ஷெட்டுக்குள் இருப்பவர்தான். மூன்று நாள் வாசலில் நின்று கவனித்தேன். ஆறு பெண்களில் ஒருவர் மட்டும் தாளைக் குச்சியில் சுற்றும் முன் ஒரு நொடி நிறுத்திப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். ஆளைப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்று மாலையே மேனேஜரிடம் சொன்னேன். தீப்பெட்டி, செல்போன் உள்ளே வராமல் இருக்க ஆலை வாசலில் தினமும் காலையில் சோதனை உண்டு. மறுநாள் வெள்ளிக்கிழமை, காவலுக்கு இருந்த அம்மா அந்தப் பெண்ணின் தூக்குச்சட்டியின் அடித்தட்டைத் திறந்தார். மூன்று புத்தகங்களின் கடைசிப் பக்கங்களும் மடித்தபடி இருந்தன. அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேனேஜர் விடவில்லை. தீபாவளி சீசனில் ஆளை வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. "பேப்பர் ஷெட்டுல இருந்தாத்தான பேப்பர எடுப்ப? நாளைல இருந்து மருந்து செலுத்தப் போ" என்று சொல்லிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த அறையில் என்ன கையாளுகிறார்கள் என்று ஆலையில் மற்ற எல்லாரையும்விட எனக்குத் தெரியும். பழக்கமில்லாத ஒரு கை கொஞ்சம் வேகமாக உரசினால் போதும். ஆனாலும் எத்தனையோ பேர் செய்கிற வேலைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆலை வேனில் விருதுநகர் திரும்பும்போது நோட்டை எடுத்து, பின்பக்கத்தில் 'சரி' என்று எழுதியும்விட்டேன். மறுநாள் அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்த அறைக்குள் நுழைவதைச் சோதனை அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார்.

ஞாயிறு காலை விடுதியில் உட்கார்ந்து, திரும்பக் கிடைத்த பக்கங்களை அந்தந்தப் புத்தகத்தில் சேர்க்கப் போனேன். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் மெல்லிய காகிதப் பட்டை ஏற்கெனவே ஒட்டியிருந்தது, பசை தடவிப் புத்தகத்தில் வைத்தால் சரியாக உட்காரும்படி. ஒரு கதையின் கடைசி வரிக்குக் கீழே பென்சிலில் சின்ன எழுத்தில், 'நான் சொன்ன ஆள்தான்' என்று இருந்தது.

யாரிடம் சொன்னார்? என்னைப் போலவே யாரிடமும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. அவர் பிடிபட்டது காலையில். திருடியதை யாராவது திருடிய இடத்துக்கே எடுத்து வருவார்களா? முப்பத்தாறு துப்பறியும் நாவல் படித்தவளுக்கு அது தோன்றவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பலகையிலிருந்து படித்திருக்கிறார். முடிக்க முடியாத நாளில், முழுப் புத்தகத்தை வெளியே கொண்டுபோக முடியாது என்று கடைசித் தாள்களை மட்டும் கொண்டுபோய்ப் படித்திருக்கிறார். மறுநாள் ஒட்டி வைக்கலாம் என்று வந்தால் புத்தகம் என் பையில் போயிருக்கும். எது எந்த நாளில் போகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? புத்தகம் பலகைக்குத் திரும்பினால் ஒட்டலாம் என்று தாள்களைத் தினமும் கொண்டுவந்திருக்கிறார்.

அந்த ஞாயிறு எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த தெருவில் கல்யாண வீட்டுக்காரர்கள் சரவெடி வைத்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் எழுந்து ஜன்னலருகே போனேன்.

திங்கட்கிழமை வேனிலிருந்து இறங்கியதும் மேனேஜரிடம் போய், தப்பு என்னுடையது, அவரைப் பழைய இடத்துக்கே அனுப்புங்கள் என்றேன். தீபாவளி முடியட்டும் என்றார். பழக்காத ஆள் அந்த அறையில் இருக்கும்வரை அன்றைய மருந்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். இது தைரியமே இல்லை. அவரை அங்கே உட்கார வைத்ததே நான்தான்.

"கதப் புத்தகத்துக்காம்மா இம்புட்டு ரகளை?" என்று முணுமுணுத்தபடி அவரைக் கூட்டிவர ஆளை அனுப்பினார். அவர் அந்த அறையிலிருந்து எழுந்து வெளியே வரும்வரை நான் அந்த வெயிலில் நின்றேன்.

ஷெட்டில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். பேன் பாக்க வந்துட்டாக என்று கேலி செய்தவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அவ அக்கா கை மருந்துல வெந்ததுல இருந்து அந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டா மேடம். அவளப் போய் அங்கன உக்கார வச்சுட்டீகளே."

அவர் குனிந்து குழாய் சுற்றிக்கொண்டே இருந்தார். புத்தகம் வேண்டும் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். கை நிற்கவில்லை.

"நீங்க யாருகூட மேடம் பேசுறீக, நான் வந்து கேக்குறதுக்கு?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா, தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அதற்குப் பிறகு மேனேஜரிடம் கேட்டு, அவர் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போக வழி செய்தேன். எடுத்துப் போனார், திருப்பி வைத்தார். கதை எப்படி என்று நான் கேட்டால், "நல்லாருந்துச்சு மேடம்" என்பதோடு சரி. அதற்கு மேல் அவர் ஏன் பேச வேண்டும்? தீபாவளி லீவு முடிந்து ஆலை திறந்தபோது அவர் வரவில்லை. வெம்பக்கோட்டை பக்கம் ஒரு தீப்பெட்டி கம்பெனிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஐம்பதாவது நாவலை டிசம்பர் கடைசி வாரத்தில் முடித்தேன். விடுதியில் எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். குற்றவாளியைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தேன். கட்டத்தை நிரப்பிவிட்டு, நான் சொன்ன ஆள்தான் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். காலி அறையில் என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

பேச ஆளில்லை என்று நான் ஏங்கிய அந்த எட்டு மாதமும், நான் பேச விரும்பிய அதே கதைகளைப் படித்த ஒருவர் என் சோதனை அறையிலிருந்து நூறு அடி தள்ளி உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் யாரைப் பற்றியாவது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று தோன்றினால், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு முதலில் அவரிடமே போய்க் கேட்டுவிடுகிறேன், ஷெட்டிலிருந்த அந்தப் பெண்ணிடம் அன்று ஒருமுறைகூடக் கேட்காமல் விட்டதற்காக.