பரீதா மிஸ் வெட்டிய மெட்டி

பரீதா மிஸ் போய்விட்டார். இன்று காலை பஸ்ஸில் ஒருவர் சொல்லித்தான் தெரியும்... நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகே மடவளையில் அடக்கம் செய்துவிட்டார்களாம்.

இங்கே பலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில், எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருந்தவர்.

பதினாறு வருடத்துக்கு முன்பு ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்துக் கூடையோடு விழுந்தார். தேயிலைக்கு முன்பு வெள்ளைக்காரர் கோப்பி பயிரிட்ட காலத்தில் போட்ட கல்படி. உடைந்து கிடக்கிறது என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் தோட்டத்துத் துரை திரும்பிப் பார்க்கவில்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

கணுக்கால் இரண்டு பக்கமும் முறிந்து, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. டொக்டர் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் எக்ஸ்ரேக்கு எழுதிவிட்டுப் போனார். அதையும் மறக்கவில்லை.

பரீதா மிஸ் முதலில் பார்த்தது விரல்களைத்தான். நகத்தை அழுத்தி, விட்டு, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். பாதத்தின் மேல் நாடியைத் தேடி, கிடைத்த இடத்தில் பேனாவால் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி போட்டார்.

"வலி எப்படி ஈக்குது அம்மா?"

"ஒண்ணும் இல்லீங்க மிஸ்." கங்காணியிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்.

"வலி இல்லையாம்" என்றேன், பள்ளிக்கூட மாஸ்டரான நான்.

"உங்கள்ட்ட கேக்கல மாஸ்டர்."

பிறகு மெட்டியைக் கண்டார். வீங்கிய விரலுக்குள் புதைந்திருந்தது. கழற்ற வரவில்லை, வெட்டத்தான் வேண்டும் என்றார்.

அம்மா அழுதார். "அவரு உசுரோட இருக்காரு மிஸ்... அத மட்டும் விட்டுருங்க."

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது, கை வைக்காதீர்கள் என்று வார்டே கேட்கக் கத்தினேன்.

"வெரல் கறுத்துப் போனா மெட்டி போட எடமே ஈக்காது அம்மா. நீங்க சொல்லுங்க, வெட்டவா?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை...

மத்தியானம் அப்பா வந்தார். ஒரு காலில் மட்டும் மெட்டி இருப்பதைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் பாதி உசுரோடதான் இருக்கேனா?" என்றார். அம்மா சிரித்தார். பரீதா மிஸ்ஸும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அன்றே ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் பெட்டிசம் எழுதினேன். சமயத்தை அவமதித்தார், நோயாளியை வற்புறுத்தினார் என்று. அம்மா தலையாட்டியதை எழுதவில்லை.

விசாரணை நடந்தது. அம்மாவுக்கு ஒப்பரேஷன் முடிந்த அடுத்த கிழமை பரீதா மிஸ்ஸை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். போகிற அன்றும் வந்து, காலைத் தலையணையில் உயர்த்தி வைத்து, விரல்களை ஆட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அப்பா அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தார். அம்மா இன்றும் அந்தக் காலால்தான் கோயிலுக்கு ஏறிப் போய் வருகிறார்.

கண்டி டவுனில் இரண்டு தடவை பரீதா மிஸ்ஸைக் கண்டேன். இரண்டு தடவையும் ரோட்டின் மறுபக்கம் போய்விட்டேன்.

செய்தி கேட்டதும் அம்மா சேலை மாற்றிக்கொண்டு நிற்கிறார்.

"பெட்டிசம் போட்டது நீதான்னு அவங்க வூட்டாளுகளுக்குத் தெரியுமாடா?"

"தெரியாதும்மா..."

"அப்ப நீயே சொல்லு."

மடவளைக்குப் புறப்படுகிறோம்.

உங்கள் மறுமை நல்லதாக அமையட்டும், மிஸ்.