நாலடிக்கு ஒரு மலைவேம்பு

மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். அவள் கல்யாண ஊஞ்சலின் பலகை, நான் வளர்த்த மரத்தில் செய்ததாக இருக்கும். அப்போது என்னிடம் மரமும் இல்லை, நிலமும் இல்லை, வாய் மட்டும் இருந்தது.

நிலம் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் மூலம் கிடைத்தது. திருச்சி கே.கே. நகரில் குடியிருந்தாலும் மருங்காபுரி விவசாயக் குடும்பத்துக்காரர். அவருடைய காட்டை ஒட்டி ஓர் ஏக்கர் விலைக்கு வந்தது, வாங்கிவிட்டேன். இருவரும் ஒரே நாளில் மலைவேம்பு நட்டோம். அவர் பன்னிரண்டு அடிக்கு ஒன்று. நான் நாலடிக்கு ஒன்று.

"சார், இவ்வளவு நெருக்கி வச்சா மரம் பெருக்காதுங்க."

"நிறைய வச்சா நிறைய மரம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

என்னைச் சொல்லிக் குற்றமில்லை. நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவன். வைகுண்ட ஏகாதசிக்கு வரிசையில் நிற்கும்போது முன்னால் ஒரு சாண் காலியாக இருந்தால், அங்கே ஒரு குடும்பத்தையே நிறுத்திவிடுவோம். அவருடைய காட்டில் சும்மா கிடந்த மண்ணைப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது.

அந்த மண்ணில் அவர் கடலை விதைத்தார். அலுவலகத்துக்கு அவித்துக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். என் தோப்பில் ஊடுபயிராக நுழைய முடிந்தது என்னால் மட்டும்தான், அதுவும் பக்கவாட்டில்.

ஆனாலும் முதல் இரண்டு வருடம் என் மரங்கள்தான் உயரம். அலுவலகத்தில் என் பேச்சைத் தாங்க முடியாமல் ஆட்கள் டீ குடிக்க ஓடினார்கள். பருமனை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. டேப் கொண்டுபோனால் நண்பர் சிரிப்பார் என்று, இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அடிமரத்தைச் சுற்றி அளப்பேன், இன்னொரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு. மூன்றாம் வருடம் என் இடுப்புக்கு பெல்ட் இரண்டு ஓட்டை தள்ளிப்போனது. மரத்துக்கு ஓர் ஓட்டைகூட நகரவில்லை.

"எல்லாம் வெளிச்சத்துக்கும் தண்ணிக்கும் முட்டி மோதுதுங்க சார். ஒண்ணு விட்டு ஒண்ணு வெட்டிடுங்க. மிச்சமாவது பெருக்கும்," என்றார் நண்பர்.

அரிவாளோடு போனேன். எதை வெட்டுவது? ஒவ்வொன்றும் என் கையால் வைத்தது. ஒரு மரத்தின் முன் அரை மணி நேரம் நின்றுவிட்டு, நண்பர் கொடுத்த இளநீரை அதே அரிவாளால் சீவிக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

மகளுக்கு வரன் அமைந்தது. இருந்ததிலேயே பெரிய மரத்தை வெட்டி, பாலக்கரையில் மரம் அறுக்கும் மில்லுக்குக் கொண்டுபோனேன். மில்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"பந்தலுக்குக் கம்புங்களா?"

"ஊஞ்சல் பலகைக்கு."

"எத்தனை பேர் உக்காரணும்?"

"ரெண்டு பேர்."

"ஒரு ஆளே பாதிதான் உக்காரலாம்," என்றார். அவர் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு அதிக அவமானமாக இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் நண்பரிடம் மட்டும் சொன்னேன். நாலாம் நாள் காலையில் நண்பர் வேனில் வந்து இறங்கினார். இரண்டு அகலமான பலகைகள், இழைத்து, வழவழவென்று. தன் மரத்தை வெட்டியிருக்கிறார்.

"எடை போட்டா உங்க காட்டுலதான் சார் மரம் அதிகம்," என்றார். "என்ன, எல்லாம் கம்பா இருக்கு."

அது நிஜம்தான். கல்யாணத்தில் வாசலிலிருந்து பின்கட்டு வரை பந்தல் கால் அத்தனையும் என் தோப்பு. வந்தவர்களுக்கெல்லாம் தட்டிக் காட்டினேன்.

ஊஞ்சலில் மகளும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் எங்கள் ஸ்ரீரங்கத்து உறவு மொத்தமும் நெருக்கியடித்து நின்றது. ஊஞ்சல் ஓர் அங்குலம் ஆடவில்லை. பின்னாலிருந்து நண்பர் என் காதில் மெதுவாகச் சொன்னார்: "ஒண்ணு விட்டு ஒண்ணு, சார்."

அன்று அரிவாளோடு போய் ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் திரும்பிய நான், சித்தப்பா ஒருவரை விட்டு அடுத்தவரை, அத்தை ஒருவரை விட்டு அடுத்தவரை, தோளைப் பிடித்து விலக்கினேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள். அப்போதும் ஊஞ்சல் முழுதாக ஆடவில்லை.

"நீயும் தள்ளிக்கோப்பா," என்றாள் மகள்.

தள்ளி நின்றேன். ஊஞ்சல் ஆடியது.