ஓசூருக்குப் போகாத வருஷம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஒரு மில்லில் என் கணவருக்கு ஒப்பந்த வேலை. கிரேனில் தொங்கிய கம்பிக் கட்டு அவிழ்ந்து அவர் முதுகில் விழுந்தது. உயிர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வருஷம் நடந்தது.

கவரைப்பேட்டையில் ஒற்றை அறை வீடு. எங்களுக்குக் குழந்தை இல்லை. விடிவதற்கு முன்பே எழுந்து, அவரைத் துடைத்து, துணி மாற்றி, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டி, கஞ்சியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு ஷேர் ஆட்டோவுக்கு ஓடுவேன். மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து அவரைப் புரட்டிப் படுக்க வைப்பாள். பழவேற்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த முஸ்லிம் பெண். தொழுகையை முடித்துவிட்டு வந்து, ஒரு வார்த்தை அதிகம் பேசாமல் செய்துவிட்டுப் போவாள்.

எனக்குப் பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். ஒரு நாள் கால் வீங்கி, செருப்புக்குள் நுழையாததால் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் லைன் சூப்பர்வைசர் ஸ்டோரிலிருந்து ஒரு ஸ்டூலைத் தானே தூக்கிவந்து என் பின்னால் போட்டார். "ஒக்காந்துக்கினே செய்மா. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு." அவ்வளவுதான் சொன்னார். ஒரு வருஷமாக என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் மனைவியை இழந்தவர். தப்பான பார்வை பார்க்கிறவர் அல்ல. அப்படிப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நல்லவர் என்பதுதான் எனக்கு வந்த சோதனை.

மழைக்காலம் முடிந்த சமயம் அவருக்கு ஓசூர் யூனிட்டுக்கு மாற்றல் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தார்.

"நானே சுத்தி வளைக்காம கேக்கறேன். நீயும் வந்துடு. கல்யாணம் பண்ணிக்கினுதான் கூப்பிட்டுக்கினு போறேன். அவருக்கு ஒரு ஹோம்ல எடம் பாத்துத் தரேன். நல்லா வச்சுப்பாங்க."

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு சார்."

"தெரியும். ஆனா இது வாழ்க்கையாம்மா? உங்க சாமி உன்ன இப்டி சாவ சொல்லுதா?"

யோசிக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க ஓசூர் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. நான் பார்த்திராத ஊர். குளிராக இருக்கும் என்பார்கள். அந்தக் குளிரில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரும் எழுப்பாமல் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்வேன். வேறு எந்த ஆசையும் இல்லை. தூக்கம் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன ஜெப வீடு. ஆண்டவர் செய்ததை எழுந்து நின்று சாட்சி சொல்கிறவர்களுக்கெல்லாம் சோதனை ஒரு முடிவுக்கு வந்திருந்தது. வேலை கிடைத்திருந்தது, வியாதி குணமாகியிருந்தது. என்னுடையது நடுவிலேயே நின்றது. முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, எனக்கு உம்மேல கோவமா இருக்கு. போவக்கூடாதுன்னா நீரே என்னப் புடிச்சு வையும், எனக்குத் தெம்பு இல்ல" என்றேன். அதற்குமேல் வார்த்தை இல்லை. அப்படியே பாயில் சாய்ந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது ஆராதனை முடிந்திருந்தது. ஒரு குரலும் கேட்கவில்லை, மனதில் ஒரு சமாதானமும் இல்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: இதை என் கணவரிடம் மறைத்து வைத்துக்கொண்டு இன்னொரு நாள் அந்தப் புண்ணைக் கட்ட முடியாது.

வீட்டுக்கு வந்து, சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டூலிலிருந்து ஓசூர் வரைக்கும்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நல்ல ஆளா?"

"நல்ல ஆளுதான்."

"அப்போ போமே. நான் உன்ன கோவிச்சுக்க மாட்டேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "போன்னு நீ சொல்லுவ, வான்னு அவரு சொல்லுவாரு. நான் இன்னா மூட்டையா, ஆளாளுக்குத் தூக்கிக் குடுக்க? எனக்குக் கால் வலிக்குதான்னு இத்தினி நாள்ல ஒருதரம் கேட்டியா நீ?"

அவர் தட்டைக் கீழே வைத்தார். "கேக்க பயமா இருந்துச்சு" என்றார். "வலிக்குதுன்னு நீ சொன்னா நான் இன்னா செய்ய முடியும்?"

பிறகு, "காலை இங்க போடு" என்றார். நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன். அவருக்குக் கைகளில் பலம் இருந்தது. என் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "ஜெபம் பண்ணு" என்றார். அடிபட்ட பிறகு அவர் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

"எனக்கு வரல. நீ பண்ணு."

ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் மனப்பாடம் செய்த ஜெபத்தை அவர் ஆரம்பித்தார். இடையில் மறந்தது. நான் எடுத்துக்கொடுத்தேன். 'எங்களைச் சோதனைக்குட்படப் பண்ணாமல்' என்ற இடம் வந்தபோது இருவருமே நின்றுவிட்டோம். வெளியே கொல்கத்தா நெடுஞ்சாலையில் எளாவூர் பக்கமாக லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர்தான் முதலில் அந்த வரியைச் சொன்னார். நான் பின்னால் சொன்னேன்.

மறுநாள் சூப்பர்வைசரிடம், "வரல சார். நீங்க எனக்குச் செஞ்சத மறக்க மாட்டேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டதைப் போலவே என்னிடமும் சொல்லிக்கொண்டு போனார். புதிதாக வந்த சூப்பர்வைசர் அந்த ஸ்டூலை எடுத்துவிட்டார். அன்று கழிப்பறையில் நின்று அழுதேன். தப்பு செய்துவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது. ஆண்டவருக்குக் கீழ்ப்படிந்தால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அப்படி ஆகவில்லை. மறுபடி நிற்கத்தான் வேண்டியிருந்தது.

ஆனால் அதன்பிறகு வீட்டில் இரண்டு பேர் இருந்தோம். அவர் படுத்தபடியே காய் நறுக்கினார், அரிசியில் கல் பொறுக்கினார். வெயில் காலத்தில் முதுகுப் புண் ஆறியது. சபையார் சேர்ந்து ஒரு சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தார்கள். செல்போன் பரவிய காலம் அது. வாசலில் உட்கார்ந்து ரீசார்ஜ் கார்டு விற்க ஆரம்பித்தார். ஷிப்டு முடிந்து வருகிற மில் ஆட்கள் நின்று பேசிவிட்டுப் போவார்கள்.

அவர் எழுந்து நடக்கவில்லை. ஏன் என்று ஆண்டவர் இதுவரை எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்பதை விடவில்லை.