பார்த்துக்கொள்வது நல்லது

அம்பிகைபாகன் சார் யாரையும் 'செய்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க அலுவலகத்தில் பல காலம் கடிதம் எழுதிப் பழகியவர். லிஃப்டில் பொத்தானை அமுக்கச் சொல்வதற்கே "ஆட்சேபணை இல்லையென்றால்" என்று ஆரம்பிப்பார். அதற்குள் அவருடைய மாடி தாண்டிப் போய்விடும். எனக்கு எரிச்சலாக வரும்.

1986இல் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் இருந்தது எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான கையேட்டை அவர் ஆங்கிலத்தில் எழுதுவார், நான் டைப் செய்வேன். மெமரியைப் பற்றிய பக்கத்தில், கம்ப்யூட்டரிடம் இடம் கேட்ட பிறகு அது கிடைத்ததா என்று பார்த்துக்கொள்வது நல்லது என்று எழுதியிருந்தார். வெளியே போகும்போது குடை எடுத்துக்கொள்வது நல்லது என்கிற மாதிரி.

எங்கள் புரோகிராமர் சிலுவைராஜ் அப்படிப் பார்க்கவில்லை. அவன் எழுதிய புரோகிராம் ஒரு கிடங்கில் ஓடிக்கொண்டிருந்தது. சரக்கு குவிந்த ஒரு காலையில் மெமரி நிரம்பி, கேட்ட இடம் கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டதாக நினைத்து புரோகிராம் வேறெதன் மீதோ எழுதித் தள்ளி, சரக்குக் கணக்கையெல்லாம் அழித்துவிட்டது. முதலாளி அழகப்பன் அவனை வேலையை விட்டு அனுப்ப முடிவு செய்தார். மாதா கோயிலில் அவனுடைய கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்து முடித்திருந்த நேரம் அது.

சார் மதியம் சாப்பிடவில்லை. கதவைத் தட்டாமலே முதலாளி அறைக்குள் போனார்.

"அவரை அனுப்பக் கூடாது. பிழை என் எழுத்தில."

அழகப்பன் நம்பவில்லை. மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களையும் வரவழைத்துப் பார்த்தார். எல்லாரும் இடம் கிடைத்ததா என்று பார்க்காமல்தான் தாண்டிப் போயிருந்தார்கள். எல்லாரையும் அனுப்பினால் நானும் டைப்ரைட்டரும்தான் மிஞ்சுவோம். கையேட்டின் அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதி, அதன்படி புரோகிராமைத் திருத்தி, சாயங்காலத்துக்குள் ஓட்டிக் காட்டச் சொன்னார்.

சார் எழுதினார், கோடு போட்டு அடித்தார், மறுபடி எழுதினார். ஒளிந்திருந்த 'தயவுசெய்து'வை நானே அடித்து நீக்கினேன். கடைசியில் நின்றது இதுதான்: இடம் கேட்டால், கிடைத்ததா என்று பார். கிடைக்காவிட்டால் நிறுத்து. எதையும் எழுதாதே.

சிலுவைராஜ் அப்படியே திருத்தி, வேண்டுமென்றே மெமரியை நிரப்பினான். இடம் இல்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. புரோகிராம் நின்றது. கணக்கு அப்படியே பத்திரமாக இருந்தது. நாளைக்கு நேரத்தோடு வா என்று அவனிடம் சொல்லிவிட்டு அழகப்பன் போய்விட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சிலுவைராஜ் கீழே ஓடி மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம் ஒன்று வாங்கிவந்து சார் முன்னால் வைத்தான். எதற்குச் சிரமம், பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்று சார் இழுத்தார்.

"சாப்பிட்டா நல்லதுன்னு சொல்லல சார். சாப்பிடுங்க லா."

சார் பொட்டலத்தைப் பிரித்தார். பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காரம் கொஞ்சம் அதிகம் என்றார்.