பானட்டை மூடினால் கேட்கும் சத்தம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை வீட்டார் தங்கையான என்னிடம் தந்தார்கள். முறைப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவரை நினைத்தாலே அந்த வெள்ளை அம்பாசடரின் கடகட சத்தம்தான் முதலில் வந்து நிற்கிறது. நீங்கள் எல்லோரும் கேட்ட சத்தம்தானே. ஆகவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணன் பாறசாலைக்குக் கிழக்கே எங்கள் பழைய வீட்டில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலைக்குப் போனார். பிறகு அமரவிளையில் சொந்தக் கடை போட்டார். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டாரத்தில் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அந்தச் செம்புக் கம்பிதான். அண்ணன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. முடிவெடுத்தும் அதிகம் பார்த்ததில்லை. ஓணத்துக்குச் சட்டை எடுக்கப் போனால், இரண்டில் எது என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பி வருவார்.

ஒரே ஒரு முடிவை மட்டும் உறுதியாக எடுத்தார். நெய்யாற்றின்கரையில் தையற்கடை வைத்திருந்த கத்தோலிக்கப் பெண்ணை மணந்தார். எங்கள் மைனி அவர்தான். எங்கள் அம்மாவுக்குக் கோயிலே கதி. மைனியின் அம்மா ஞாயிறு திருப்பலி தவறாதவர். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. ஒருவர் அண்ணன் வீட்டுக்கு வந்தால் மற்றவர் எட்டிப் பார்க்க மாட்டார். அண்ணன் செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கோயிலுக்கும் ஞாயிற்றுக்கிழமை மாமியாரைத் தேவாலயத்துக்கும் அதே காரில் கொண்டுபோவார். இருவரையும் ஒன்றாக ஏற்ற வேண்டும் என்பது அவருக்குப் பெரிய ஆசை. அது நடக்கவே இல்லை.

அந்தக் காரைக் காட்டாக்கடையில் ஒருவரிடமிருந்து பழையதாகத்தான் வாங்கினார். வாங்கிய கொஞ்ச நாளில் சத்தம் தொடங்கியது. வேகம் நாற்பதைத் தொட்டால் போதும், யாரோ டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவது போல எஞ்சின் பக்கமிருந்து வரும். அமரவிளை மெக்கானிக் டேப்பெட் என்றார். சரிசெய்தும் சத்தம் நிற்கவில்லை. காட்டாக்கடை மெக்கானிக் டைமிங் செயின் என்றார். மாற்றியும் நிற்கவில்லை. இன்னொருவர் நீளமான ஸ்குரூ டிரைவரை எஞ்சின்மேல் ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எஞ்சின் சுத்தமாக்கும், கொழப்பமில்ல" என்று எழுந்துவிட்டார். பானட்டைத் திறந்து வைத்து எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் சத்தம் வராது. மூடிவிட்டுத் தெருவைத் தாண்டினால் வரும். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட கதைதான். எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பிறகு ஒருநாள் அண்ணன் தேடுவதையே நிறுத்திவிட்டார்.

"சத்தம் அதுபாட்டுக்குக் கெடக்கட்டு மக்கா. எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்லையாக்கும்" என்றார்.

"உனக்கு எப்பிடி அண்ணா தெரியும்?"

"தெரியும் பிள்ளே."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. கெட்டிக்காரத் தொழில்காரருக்கு இப்படி ஒரு அலட்சியமா என்று நினைத்தேன்.

சென்ற ஆண்டு அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் காரிலேயே நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் அந்தச் சத்தம். மறுநாள் அண்ணன் போய்விட்டார். சடங்கு எந்த முறையில் என்பதிலேயே இரு வீட்டாருக்கும் குழப்பம். கடைசியில் மைனி சொன்னபடி வீட்டு வளவிலேயே அடக்கம் செய்தோம். அம்மாக்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று அழுதார்கள்.

சென்ற மாதம் ஒரு மெக்கானிக் காரைப் பார்த்துவிட்டு, "எஞ்சினை எறக்கி ஒவ்வொண்ணா அழிச்சுப் பாக்கணும். இல்லெங்கி இரும்பு வெலைக்குக் குடுத்திடுங்க" என்றார். மைனி உடைந்துபோனார். "அவரு கை பட்டதுல ஓடிட்டுக் கெடக்கது இது ஒண்ணுதானே" என்று அழுதார். எனக்கும் அந்தக் காரை விட மனமில்லை. வைத்திருந்து என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு மாலை நினைவுநாள் ஏற்பாட்டைப் பற்றிப் பேச அம்மாக்கள் இருவரும் வந்திருந்தார்கள். எங்கள் அம்மா முன்னறையில், மைனியின் அம்மா அடுக்களையில். முற்றத்தில் நானும் மைனியும் கார் பானட்டைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தோம். தையல்காரி கை மடிப்பைக் கண்டால் சும்மா இருக்காது. பானட்டின் உட்புறத்தில் தகடு மடிந்து வரும் இடத்தில் மைனி விரலை விட்டுத் தடவினார். "என்னமோ தட்டுப்படுது" என்று வெளியே இழுத்தார்.

செம்புத் தகடு ஒன்று, கோயிலில் மந்திரித்துத் தருவது. அதை ஒட்டி ஒரு புனிதரின் மெடல். பானட்டைத் திறந்தால் இரண்டும் மடிப்புக்குள் சரிந்து படுத்துக்கொள்ளும். மூடினால் தொங்கி ஒன்றோடொன்று இடிக்கும்.

எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டு இரு அம்மாக்களும் வெளியே வந்தார்கள்.

"தகடு நான் கெட்டினதாக்கும். கார் வந்த அன்னைக்கு" என்றார் அம்மா.

"மெடலு நான் கெட்டினேன். ஒருத்தருக்கும் தெரியண்டாம்னு நெனச்சேன்" என்றார் மைனியின் அம்மா.

ஆனால் அவர்கள் கட்டியது கறுப்புக் கயிற்றிலும் சிவப்பு நூலிலும். அவற்றின் இற்றுப்போன துணுக்குகள் மடிப்பில் ஒட்டிக் கிடந்தன. இப்போது தகடும் மெடலும் தொங்கியது வைண்டிங் கம்பியில். கம்பியின் நுனியை வெள்ளைக் குழாயில் செருகி மடக்கியிருந்தது. மோட்டாருக்குள் அண்ணன் போடும் முடிச்சு அதுதான்.

ஆக, அண்ணன் கண்டுபிடித்திருக்கிறார். நூல் இற்றதும் இரண்டையும் தாமே மறுபடி கட்டியிருக்கிறார். ஒன்றை எடுத்திருந்தால் சத்தம் நின்றிருக்கும். எதை எடுப்பது என்று தெரியாமல் விட்டாரா, எடுக்கவே கூடாது என்று விட்டாரா? கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கலாமே, அதையும் ஏன் செய்யவில்லை? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், இன்றும் விளங்கவில்லை.

மைனி கையில் குறடோடு நின்றார். "எதை எடுக்க?" என்று கேட்டார்.

எங்கள் அம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"ஒண்ணையும் எடுக்கண்டாம் மக்கா. அந்த மெடலுக்க கம்பி எளகிக் கெடக்கு. நல்லா முறுக்கிக் கெட்டு. இல்லெங்கி வழியில விழுந்து போவும்."

மைனியின் அம்மா பானட்டை இரு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார். குறடை வாங்கி நான்தான் முறுக்கினேன்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பக்கத்து வீட்டாருக்கும், அன்று கடையடைத்து வந்த அமரவிளை வியாபாரிகளுக்கும், சத்தத்தைத் தேடித் தோற்ற எல்லா மெக்கானிக்குகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நினைவுநாளன்று அம்மாக்கள் இருவரும் அதே காரின் பின்சீட்டில் சேர்ந்து வருவதாக ஏற்பாடு. அண்ணன் கட்டிய அளவுக்கு எனக்குக் கட்டத் தெரியவில்லை, சத்தம் முன்னைவிடப் பலமாகவே இருக்கிறது. வளைவில் அது கேட்டால் பதற வேண்டாம். எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்லை.