ஆடிப்போன நாற்பத்தொரு படங்கள்

என் கடைக்கு வந்து, கேமராவைத் தொடுவதற்கு முன்னால் அதன் கழுத்துப் பட்டையை இழுத்துப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் எல்லாம் வாசற்படி தாண்டும்போதே "எத்தனை மெகாபிக்சல்?" என்று ஆரம்பிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போனில் நாலு வரி படித்துவிட்டு வந்து எனக்கே பாடம் எடுப்பார்கள். அரை மணி நேரம் தடவிப் பார்த்துவிட்டு "யோசிச்சிட்டு வரேன்" என்று கிளம்புவார்கள். போனவர் போனவர்தான். பத்தொன்பது வருடமாக இந்தக் கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். நான் ஒண்டிக்கட்டை. எல்லார் சட்டைப்பையிலும் ஒரு கேமரா வந்த பிறகு, நாள் முழுக்க மனிதக் குரலே கேட்காத நாட்களும் உண்டு. அதற்காக மெகாபிக்சல்காரர்களைக் கொஞ்ச முடியுமா?

இவருக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். ஒல்லி. உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போயிருந்தன. பட்டையின் தையலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வெடுக்கென்று ஒரு இழு.

"அண்ணே, அது கேமரா. லாரி கட்டி இழுக்கறதுக்கு இல்ல," என்றேன்.

"இது அறுந்துச்சுன்னா கீழ ஒருத்தன் மண்டை போயிடும் மேடம்," என்றார் அமைதியாக.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. எங்கள் தெருக்கோடியில் மூன்று வருடமாக எழும்பிக்கொண்டிருந்த பெரிய கட்டடத்தின் டவர் கிரேனை ஓட்டுபவர் அவர். காலையில் ஏணியில் ஏறினால் மாலையில்தான் இறங்குவார். ஏறவே அரை மணி நேரமாகும். ஃபிளாஸ்க், சோற்று டப்பா, கையுறை, எதை எடுத்துப்போனாலும் உடம்போடு கட்டிக்கொண்டுதான் போகவேண்டும். நான் மனசுக்குள் அவருக்கு உச்சாணி என்று பெயர் வைத்துவிட்டேன். கடைசியாக வந்தபோது நேரிலேயே சொல்லிக் கூப்பிட்டேன், சிரித்தார்.

"என்ன எடுக்கப்போறீங்க? வீட்ல விசேஷமா?"

"அதெல்லாம் இல்ல. மேல இருந்து தெரியுதே, அத எடுக்கணும். ஆறு, வெட்டவெளி, பின்னால மலை. போன்ல எடுத்தா மலை கடுகாட்டம் விழுது."

முதல் கேமரா வாங்குகிறவர்களுக்கென்று நான் வைத்திருக்கும் இரண்டு டி.எஸ்.எல்.ஆர்களையும் எடுத்து முன்னால் வைத்தேன். ஒன்று கனம், பொத்தான்கள் அதிகம். இன்னொன்று எளிமை. கூடவே வரும் லென்சே பரந்த இடத்தை எடுக்கப் போதும், இப்போதைக்கு வேறு லென்ஸ் வேண்டாம், நல்ல ட்ரைபாட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கேமராவைத் தடவ ஆரம்பித்தார்.

"என்னண்ணே, கண்ணாமூச்சி ஆடறீங்களா?"

"வேலையில நான் கைய பாக்க மாட்டேன் மேடம். கண்ணு கொக்கி மேல இருக்கும். விரலுக்கே தெரியணும்."

கனமான கேமராவில் கட்டைவிரல் வழி தெரியாமல் அலைந்தது. எளிமையானதில் நேராகப் போய் உட்கார்ந்தது. "இது," என்றார். அவ்வளவுதான். என் பத்தொன்பது வருட சர்வீசில் இவ்வளவு சுத்தமாக யாரும் கேமரா தேர்ந்தெடுத்துப் பார்த்ததில்லை.

நானும் தலைகால் புரியாமல் பாடம் எடுத்தேன். காலை வெளிச்சம்தான் மலைக்கு அழகு. லென்சின் துளையைச் சின்னதாக வைத்தால் பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரேபோலத் தெளிவாக விழும். வெளிச்சம் குறைவாக இருந்தால் ஷட்டர் இரண்டு வினாடி திறந்திருக்கும், ட்ரைபாட்டில் வைத்தால் ஆடாது என்று சொல்லி அதையும் வாங்க வைத்தேன். பொத்தானை அழுத்திவிட்டு நாமும் போய் முன்னால் நின்றுகொள்ள டைமர்கூட உண்டு.

"நான் எதுக்கு நிக்கணும்? மாப்பிள்ளையா?" என்று சிரித்தார்.

டீ வரவழைத்துக் கொடுத்தேன். பாதி குடித்ததும் அவராகவே பேசினார். இன்னும் பத்து நாளில் கிரேனைக் கழற்றி இறக்கிவிடுவார்கள். அன்றோடு அவருக்கும் ஓய்வு. ஊர் ரயிலில் ஒரு ராத்திரி, ஒரு பகல் தூரம். மனைவி அங்கே. மகளுக்குக் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். இவர் இருபத்தாறு வருடமாக ஊர் ஊராகக் கிரேன் ஏறிக்கொண்டு, வருடத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்குப் போய்வந்தவர்.

"போன தடவை போயிருந்தப்ப அவ கேக்கறா, 'உங்களுக்குக் காரம் ஒத்துக்குமா?'ன்னு. கட்டின பொண்டாட்டி விருந்தாளியக் கேக்கற மாதிரி கேக்கறா. தப்பு அவ மேல இல்ல. இத்தனை வருஷம் நான் எங்க இருந்தேன்னு அவளுக்கு என்ன தெரியும்? எனக்கும் சொல்லத் தெரியல. இனிமே தினம் அவ எதிர்ல உக்காரணும். என்னத்த பேசறதுன்னு பயமா இருக்கு. ஒரே ஒரு படம் போதும். 'இந்தா பாரு, இங்கதான் இருந்தேன்'னு காட்டிட்டா அங்கேருந்து பேச்சை ஆரம்பிச்சுக்கலாம்."

வெளியே போகும்போது வாசலில் நின்று கேமராவைக் கண்ணில் வைத்து எதிர்ச்சாரியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அங்கே ஒரு சலவைக் கடையும் பூட்டிய ஷட்டரும்தான் இருந்தன.

எட்டாம் நாள் காலை கடை திறந்ததும் புயல் மாதிரி வந்தார். "என் தலையில மிளகாய் அரைச்சிட்டீங்களே!" என்று கேமராவை மேசை மேல் வைத்தார். வைத்தார் என்றுதான் சொல்லவேண்டும், அந்தக் கோபத்திலும் பூப்போலத்தான் வைத்தார்.

கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன். நாற்பத்தொரு படங்கள். நாற்பத்தொன்றும் ஆடிப்போயிருந்தன. ஆறு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைத் தீற்றல், மலை இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் மெழுகல்.

"கையில வச்சு எடுத்தீங்களா?"

"ட்ரைபாட்ல வச்சேன். நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு செகண்ட். விடியறதுக்கு முன்னாடியே ஏறிடுவேன். அந்த ரெண்டு செகண்டும் மூச்சுகூட விடாம சிலையாட்டம் உக்காந்திருந்தேன். இது டப்பா கேமரா தங்கச்சி."

கோபத்தில் மேடம் தங்கச்சியாகிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. எனக்கும் ரோஷம் வந்தது. டப்பாவாம்! அதே ட்ரைபாட்டில் வைத்து, கடை வாசலிலிருந்து சலவைக் கடையை இரண்டு வினாடி எடுத்துக் காட்டினேன். விலைப்பலகையின் சின்ன எழுத்துகூடத் தெளிவாக இருந்தது. இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தோம்.

"மேல காத்தா?"

"இலைகூட அசையல."

"கிரேன் ஆடுமா?"

"ஆடாது," என்றார் உடனே.

நானும் சும்மா விடவில்லை. "மேல டம்ளர்ல தண்ணி ஊத்தி வச்சா எப்படி இருக்கும்?"

"எப்படி இருக்கும்? லேசா தளும்பிக்கிட்டு இருக்கும். தண்ணின்னா எங்கேயும்..." என்றவர் என் மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தார். அது குளத்தில் கிடக்கும் கல்போல அசையாமல் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தாறு வருடம் ஆட்டத்திலேயே உட்கார்ந்த மனிதருக்கு ஆட்டம் ஆட்டமாகத் தெரியவில்லை. ட்ரைபாட் கேபினோடு ஆடியிருக்கிறது, கேபின் கிரேனோடு ஆடியிருக்கிறது, இவரும் அதனோடு ஆடியிருக்கிறார். அது தெரியாமல் நானும் ட்ரைபாட் ட்ரைபாட் என்று கரடியாகக் கத்தியிருக்கிறேன்.

"அதான் வீட்டுக்குப் போனா மூணு நாள் தூக்கம் வராது," என்றார் மெதுவாக. "கட்டில் செத்த மாதிரி கிடக்கும். வயசாச்சுன்னு நெனச்சேன்."

இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. சூரியன் நன்றாக ஏறும்வரை காத்திருங்கள், ஷட்டரை வேகமாக வையுங்கள், கையிலேயே பிடித்து எடுங்கள் என்று எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிச் சொன்னேன். எண்களை அட்டையில் எழுதி, கேமராவின் பின்புறம் ஒட்டிக் கொடுத்தேன். "இந்த மூணு காலன் எனக்கு வேணாம்," என்று ட்ரைபாட்டைத் திருப்பிக் கொடுத்தார். நானும் பெரிய தர்மப்பிரபு மாதிரி பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். அதை நினைத்து அப்புறம் என்னையே திட்டிக்கொண்டேன்.

கடைசி நாள் மாலை வந்தார். கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன். வளைந்து வளைந்து போகும் ஆறு, அதன் இரு கரையிலும் கட்டம் கட்டமாக வயல், அதற்கப்பால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வரிசை மலை. ஊசி முனை அளவுகூட ஆடவில்லை. இந்தத் தெருவில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன், இங்கே ஒரு ஆறு இருப்பது தெரியும், அதன் வளைவு தெரியாது. பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சுருட்டிக் கொடுத்தேன். உத்தரவாத அட்டையில் ஊர் விலாசமும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்துவிட்டு, "வரேன் தங்கச்சி," என்று போனார். மறுநாள் கிரேனைக் கழற்றத் தொடங்கினார்கள். நாலு நாளில் தெருக்கோடி மொட்டையாகிவிட்டது. வாய் விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது.

பதினைந்து நாள் கழித்து நானே போன் செய்தேன்.

"உச்சாணி அண்ணே, படத்த காட்டினீங்களா? என்ன சொன்னாங்க?"

"காட்டினேன். நல்லா இருக்குன்னா. ரொம்ப நேரம் பாத்தா தங்கச்சி. அப்புறம், 'இதுல நீங்க எங்க இருக்கீங்க?'ன்னா. நாந்தான எடுத்தேன், நான் எப்படி அதுல இருப்பேன்னேன். 'ஓ'ன்னு சுருட்டி பீரோ மேல வச்சிட்டா. அதுவும் சரிதானே. காலண்டர்ல இதவிட நல்ல மலையெல்லாம் வருது."

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வேறெங்காவது அவரை யாராவது எடுத்திருப்பார்களே என்று கேட்டேன். மேலே எடுப்பதற்கு யார் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார். இருபத்தாறு வருடத்தில், வேலையில் இருக்கும் அந்த மனிதரின் படம் ஒன்றுகூட இல்லை. டைமர் பற்றிச் சொன்னபோது சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன், அதற்கு வேண்டிய ட்ரைபாட்டையும் திருப்பி வாங்கி வைத்தேன். கிரேனே போய்விட்டது, இனி எதை எடுப்பது? உட்காரப் பிடிக்காமல் கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

எதற்கென்றே தெரியாமல் கம்ப்யூட்டரைத் திறந்து அந்த நாற்பத்தொரு படங்களையும் மறுபடி பார்த்தேன். அழிக்கச் சோம்பல்பட்டு விட்டுவைத்தவை. மெழுகல், தீற்றல், மெழுகல். ஏழாவது படத்தில் கை நின்றது.

அது விடியாத நேரத்துப் படம். வெளியே இருட்டு, கேபினுக்குள் விளக்கு எரிகிறது. எதிர்க் கண்ணாடியில் அவர் தெரிந்தார். ஊரும் ஆறும் மலையும் கலங்கிக் கிடக்க, கேமராவோடு சேர்ந்தே ஆடிய அவர் மட்டும் துல்லியமாக விழுந்திருந்தார். மூச்சைப் பிடித்த முகம், காய்த்த கை, கழுத்தில் மூக்குக் கண்ணாடிக் கயிறு. பக்கத்துப் பலகையில் ஃபிளாஸ்க், அதன் அருகில் இரண்டு எவர்சில்வர் டம்ளர், இரண்டிலும் டீ. மனுஷன் நல்ல டீக்குடியர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே பிரிண்ட் போட்டு, அட்டையில் இருந்த விலாசத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் பகல் மூன்று மணிக்கு அந்த நம்பரிலிருந்து போன் வந்தது. பெண் குரல்.

"கேமரா கடைக்காரம்மாவா? நான் அவரோட வீட்ல பேசறேன்."

"சொல்லுங்க அண்ணி. படம் வந்துச்சா?"

"வந்துச்சு. அதுல ரெண்டு டம்ளர் இருக்குல்ல?"

"ஆமா அண்ணி, இருக்கு."

"அது ரெண்டும் நான் குடுத்தது. முதமுதல்ல கிரேன் வேலைக்குக் கிளம்பினப்ப ஃபிளாஸ்க்கோட வச்சுக் குடுத்தேன். லாரில கிளீனர் இருக்கற மாதிரி மேல கூட ஒருத்தர் இருப்பாருன்னு நெனச்சேன். 'நீங்க மட்டும் குடிக்காதீங்க, கூட இருக்கறவருக்கும் ஒண்ணு ஊத்திக் குடுங்க'ன்னு சொன்னேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "போன் பண்ணும்போதெல்லாம் கேப்பேம்மா, 'ரெண்டு பேரும் டீ குடிச்சீங்களா?'ன்னு. 'குடிச்சோம்'னுதான் சொல்லுவாரு. இந்தப் படத்தப் பாத்துட்டு, 'கூட இருக்கறவர் எங்க?'ன்னு கேட்டப்பத்தான் உண்மை வந்துச்சு. மேல கூட யாருமே இல்லன்னு இருபத்தாறு வருஷத்துல ஒரு நாளும் சொல்லலையே."

போனுக்குள் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, போனை விட்டு விலகிய குரலில் அவள் வீட்டுக்குள் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. டீ போட்டிருக்கேன். அந்த ரெண்டு டம்ளரையும் எடுத்துக்கிட்டு வாங்க."